இப்பவும் மணக்குதோ?

இயேசு மரி சூசை துணை

ஊர்காவற்றுறை,
4.11.1973

என் அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் எமிலி எழுதுவது. பதுளைக் குளிர் உங்கள் நெஞ்சில் ஏறாமல் இருக்க வேண்டும் என்று மாமியும் நானும் செபமாலை சொல்லி முடிக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறோம். லீவு முடிந்து நீங்கள் பஸ் ஏறிய மறுகிழமை எனக்கு வந்த காய்ச்சல் ஒருபடியாக விட்டுவிட்டது. உங்கள் அக்கா ஜசிந்தா மச்சாள்தான் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து தந்தா. வாடைக் காற்றுத் தொடங்கிவிட்டது. மாமிக்கு முழங்கால் உளைவு கூடிவிட்டது. பகலில் என்னைத் திட்டாமல் முழங்காலைத் திட்டுகிறா, அதுவும் ஒரு நன்மை.

நத்தாருக்கு வீட்டைச் சோடிக்கும் யோசனை இப்போதே வந்துவிட்டது. போன வருடம் நான் இந்த வீட்டுக்கு வந்து முதல் நத்தார். பாலன் குடிலுக்குப் பின்னால் தாழம்பூவைச் செருகி, தேசிக்காயில் கராம்பு குத்தி யன்னல்களில் தொங்கவிட்டு, தணலில் தோடம்பழத் தோலும் கறுவாவும் போட்டேன். வீடு மந்திரிக்க வந்த பங்குச் சுவாமி வாசலிலேயே நின்று, "இதென்ன பிள்ளை, மோட்சத்துக்குப் பின்பக்கத்தாலை வந்திட்டனோ?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் மாமி ஆட்களுக்கு முன்னால் முதல் தரம் "என்ரை மருமேள்" என்று சொன்னா.

இந்த முறை எப்படிச் செய்யப்போகிறேனோ தெரியவில்லை. நீங்கள் போன பிறகு வீட்டில் ஒரு வாசமும் இல்லை அத்தான். பூவிலும் இல்லை, சாம்பிராணியிலும் இல்லை, ஆக்கிற கறியிலும் இல்லை. ஏன் இப்படி என்று யாரிடம் கேட்பது? மாமி முன்னால் இருந்து, "என்ன பிள்ளை இவ்வளவு எழுதுறாய்?" என்கிறா. ஆகவே நிறுத்துகிறேன்.

உங்கள் அன்பு மனைவி,
எமிலி


பதுளை,
13.11.1973

அன்புள்ள எமிலிக்கு,

உமது கடிதத்தை வாசித்துவிட்டு மடித்து வைக்க மனம் வரவில்லை. மேசையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்ததைப் பார்த்து என் அறைக்காரர், "ஐசே, வீட்டிலை ஏதும் விசேஷமோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நீங்கள் போன பிறகு வீட்டில் ஒரு வாசமும் இல்லை" என்று ஒரு மனைவி எழுதினால் அது விசேஷம் இல்லாமல் வேறென்ன? நீர் மடத்தில் படித்த பிள்ளை என்று தெரியும், இப்படி எழுதுவீர் என்று தெரியாது. எனக்கு இந்த மாதிரி எழுத வராது. என் அறையிலும் வாசம் இல்லை என்று எழுதினால் அது பொய். மழையில் நனைந்த சப்பாத்து மணம் தாராளமாக இருக்கிறது.

இங்கே வீதி நீளத்துக்கு யூக்கலிப்ரஸ் மரங்கள் நிற்கின்றன. ஓர் இலையைக் கசக்கினால் தலைக்குள் யன்னல் திறந்த மாதிரி இருக்கும். எங்கள் கந்தோரில் வேலை செய்யும் வேலணைக்காரர் ஒருவர் ஊருக்கு வருகிறார். அவரிடம் ஒரு கட்டுக் கொடுத்துவிடுகிறேன். உமது சோடனையில் எங்கே செருகலாம் என்று உமக்குத் தெரியும். இந்தக் குளிரின் மணமும் நத்தாருக்கு எங்கள் வீட்டில் இருக்கட்டும்.

நத்தாருக்கு லீவு கேட்டிருக்கிறேன். பெரியவர் தலையாட்டவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. பாண் வாங்கக் கியூவில் நிற்கிற காலத்தில் கேக்குக்கு மா எங்கே கிடைக்கப்போகிறது. அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லும்.

உம்மை நினைத்துக்கொண்டிருக்கும்,
சில்வெஸ்ரர்


இயேசு மரி சூசை துணை

ஊர்காவற்றுறை,
24.11.1973

அன்புள்ள அத்தானுக்கு,

யூக்கலிப்ரஸ் கட்டு வந்து சேர்ந்தது. அவிழ்த்த உடனே மாமி, "அப்பாடா, மூக்கைத் திறந்திட்டுது" என்றா. பக்கத்து வளவு அன்னபூரணம் அக்கா வேலிக்கு அங்காலே நின்று, "உதென்ன எமிலி, ஆஸ்பத்திரி மணம்?" என்று கேட்டா. நான் ஒரு பிடி இலையைக் கசக்கி மூக்கோடு வைத்து இழுத்தேன். கண் எரிந்தது. வேறு ஒன்றும் இல்லை.

நான் கவிதை எழுதவில்லை அத்தான். எனக்கு உண்மையாகவே மணம் தெரியவில்லை. காய்ச்சலோடு போனது திரும்பி வரவில்லை. தடிமன் என்றுதான் முதலில் நினைத்தேன். மூக்கு அடைக்கவே இல்லை, மூச்சு நன்றாகப் போய் வருகிறது. கோப்பிப் பேணியைத் திறந்து பார்த்தேன். சாம்பிராணிப் புகைக்குள் தலையை விட்டேன். ஒருவரும் பார்க்காத நேரம் பழங்கருவாட்டை எடுத்துக்கூட மணந்து பார்த்தேன். எல்லாம் ஒன்றுதான். சோறு பஞ்சைச் சப்புவது போல இருக்கிறது. கறிக்கு உப்புப் போட்டேனா என்று நாக்குச் சொல்லுகிறது, மீன் நல்லதா பழுதா என்று சொல்லுகிறதில்லை.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நான் மண்டைதீவுக் கரையில் வலையும் கருவாடும் காயும் முற்றத்தில் வளர்ந்தவள். எங்கள் கலியாணத்துக்கு மறுநாள் குசினிக்குள் மச்சாள் யாருக்கோ, "பெட்டை வடிவுதான். மீன் வெடில்தான் எப்ப போமோ தெரியாது" என்று மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. நான் உங்களிடம் சொல்லவில்லை. பெருநாளுக்கு மருக்கொழுந்து, பாஸ்குவுக்கு மல்லிகை, நத்தாருக்குத் தாழம்பூ என்று உங்கள் வீட்டை நான் வாசம் பண்ணத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இப்போது என்னிலேயே என்ன மணக்கிறது என்று எனக்குத் தெரியாது. திரும்பத் திரும்பக் குளிக்கிறேன். மாமி ஒரு மாதிரிப் பார்க்கிறா.

மாமிக்கும் மச்சாளுக்கும் இதை எழுத வேண்டாம். நான் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எமிலி


பதுளை,
3.12.1973

அன்புள்ள எமிலிக்கு,

உமது கடிதம் என்னைக் குழப்பிவிட்டது. மூக்கு அடைக்கவில்லை, மூச்சு வருகிறது, வலியும் இல்லை என்றால் நோய் எங்கே இருக்கிறது? காய்ச்சல் விட்ட உடம்பு அப்படித்தான் இருக்கும். வேப்பிலை அவித்து ஆவி பிடியும். எல்லாம் வந்துவிடும்.

நான் வேறொன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். அம்மாவோடு ஏதும் மனத்தாங்கலா? அக்கா எப்போதோ சொன்ன ஒரு சொல்லை நீர் இவ்வளவு காலமும் மனத்தில் வைத்திருந்ததை வாசித்தபோது, இதுவும் அது போல ஏதாவது இருக்குமோ என்று பட்டது. ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் இன்னொன்றைச் சொல்லுகிறீரோ? அப்படியானால் நேராகவே எழுதும். எனக்கு மறைபொருள் விளங்காது.

லீவு இல்லை என்று பெரியவர் சொல்லிவிட்டார். வருட முடிவு வேலை. நான் இல்லாத நத்தார் என்றபடியால் சோடனையை விட்டுவிடாதேயும். சுவாமி மந்திரிக்க வரும்போது வீடு போன வருடம் போல இருக்க வேண்டும். அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாவாம். கை பழகியதைக் கை செய்யட்டும்.

அன்புடன்,
சில்வெஸ்ரர்


இயேசு மரி சூசை துணை

ஊர்காவற்றுறை,
13.12.1973

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சொன்னபடி கை செய்கிறது.

போன கிழமை அன்னபூரணம் அக்காவின் வளவுக் கரையில் தாழம்பூ விரிந்ததாகச் சொன்னார்கள். போய் வெட்டிக்கொண்டு வந்தேன். முள் கிழித்தது தெரிந்தது, அது தாழம்பூ என்பது கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது. பித்தளைச் செம்புகளில் தண்ணீர் விட்டு விறாந்தையிலும் குடில் நிற்கும் சாலை அறையிலும் வைத்தேன். சவுக்குக் கொப்பை மணல் வாளியில் நட்டேன். தேசிக்காயில் கராம்பு குத்தினேன். குத்தும்போது ஒரு சின்ன வாசம் எழும்பி விரலில் ஒட்டுமே, அதைப் பார்த்துத்தான் போன வருடம் போதும் போதாது என்று முடிவுசெய்தேன். இம்முறை எதைப் பார்த்து நிறுத்துவது? காய் தெரியாமல் மூடும்வரை குத்தினேன். பிறகு அது கூடிவிட்டதோ என்று பாதியைப் பிடுங்கினேன். பிறகு குறைந்துவிட்டதோ என்று திரும்பவும் குத்தினேன். நீங்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். அல்லது பயந்திருப்பீர்கள்.

முந்தாநாள் மச்சாள் வந்தா. படியில் ஏறினா, சேலைத் தலைப்பை மூக்கடியில் பிடித்தா, கொஞ்ச நேரம் நின்றா, "சரி, நான் பிறகு வாறன்" என்று போய்விட்டா. நான் மாமியிடம், "எப்பிடி மாமி இருக்கு?" என்று கேட்டேன். "இருக்கு" என்றா. நல்லதா கூடாததா என்று அந்த ஒரு சொல்லில் எனக்குப் பிடிபடவில்லை. மாமிக்கும் இந்த மழையில் தடிமன் பிடித்து மூக்குச் சிந்தியபடி இருக்கிறா. அன்னபூரணம் அக்காவைக் கேட்டேன். "நீர் செய்தால் குறை வருமே" என்று சொல்லிக்கொண்டு அவவும் மெல்ல வேலிக்கு அங்காலே போய்விட்டா.

ஆட்கள் கதைப்பது கேட்கிறது, முகம் தெரிகிறது. ஆனால் எல்லோரும் சேர்ந்து எனக்கு மட்டும் தெரியாத ஒன்றுக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது அத்தான். மாமியோடு ஒரு மனத்தாங்கலும் இல்லை. நான் எழுதியதற்கு எழுதியதுதான் பொருள்.

எமிலி


பதுளை,
18.12.1973

எமிலிக்கு,

இன்றைக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று உம்முடையது, மற்றது அக்காவுடையது. நீர் தாழம்பூவும் கராம்பும் என்று எழுதியிருக்கிறீர். அக்கா, வீட்டுக்குள் கால் வைக்க ஏலாமல் கருவாட்டு மணம் அடிக்கிறது, அம்மா பாவம் பேசாமல் இருக்கிறா, சுவாமி வருவதற்கு முன் ஏதாவது செய் என்று எழுதியிருக்கிறாள்.

எதை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. சோடனை செய்கிற வீட்டில் கருவாட்டுக்கு என்ன வேலை? என்னோடு கோபம் என்றால் என்னோடு காட்டும். நான் வராததற்கு அம்மாவையும் சுவாமியையும் தண்டிக்க வேண்டாம். சுவாமி வரும் முன் வீட்டைக் கழுவும்.

சில்வெஸ்ரர்


மண்டைதீவு,
29.12.1973

அத்தானுக்கு,

உங்கள் கடைசிக் கடிதம் நத்தாருக்கு முதல்நாள் காலையில் கிடைத்தது. தந்தி கிடைத்து உங்களுக்கு நெருப்பு விஷயம் தெரிந்திருக்கும். மச்சாளும் எழுதியிருப்பா. நானும் எழுதுகிறேன். இதற்குப் பிறகு நீங்கள் எதை நம்பினாலும் சரி.

கருவாடு இல்லை. கடிதத்தை வாசித்துவிட்டு வீடு முழுக்கத் தேடினேன். கடைசியில் தாழம்பூச் செம்புகளுக்குள் கையை விட்டேன். தண்ணீர் கொழகொழவென்று இருந்தது, காம்பு கூழாகி விரலோடு வந்தது. பூ மேலே வடிவாக இருந்தபடியால் நான் தண்ணீரை மாற்றவில்லை. எல்லோரும் அதற்குள்தான் நடந்து திரிந்திருக்கிறார்கள். ஒருவராவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். எல்லாவற்றையும் கொட்டிக் கழுவினேன்.

பின்னேரம் குசினியில் வேலையாக நின்றேன். பொழுது படும் நேரம் மாமி சாலைக்குள் இருந்து கூப்பிட்டா. "பிள்ளை, எனக்குத் தடிமன், ஒண்டும் பிடிபடுதில்லை. இப்பவும் மணக்குதோ பார்" என்றா.

அத்தான், அந்த நேரம் என் மனத்தில் என்ன ஓடியது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் மாமிக்கு எழுதிவிட்டீர்கள் என்று நினைத்தேன். என் மூக்கைப் பற்றி மாமிக்குத் தெரிந்துவிட்டது, அதுதான் எனக்கு மணம் திரும்பியதா என்று "இப்பவும்" சேர்த்துக் கேட்கிறா என்று நினைத்தேன். அவவின் குரலும் அவ்வளவு மெதுவாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "இல்லை மாமி, எனக்கு ஒண்டும் மணக்கேல்லை" என்றேன். "அப்ப சரி. நேரமாகுது, குடிலுக்கு மெழுகுதிரியைக் கொளுத்து" என்றா.

மாமி லாம்புக்கு எண்ணெய் விடும்போது போத்தல் வழுக்கி, குடில் வைக்கோலில் மண்ணெண்ணெய் சிந்தியது எனக்குத் தெரியாது; போத்தலையும் நனைந்த துணியையும் பிறகுதான் கண்டேன். அவ துணியால் துடைத்துவிட்டு, மணம் போய்விட்டதா என்றுதான் என்னைக் கேட்டிருக்கிறா. நான் கொளுத்தினேன். வைக்கோல் ஒரே மூச்சில் பற்றியது. மாமி பாலன் சுரூபத்தை எடுக்கக் கையை விட்டா. நான் அவவை இழுத்துக்கொண்டு போய் முற்றத்தில் விட்டு, நனைந்த சாக்கை எடுத்து வந்து அடித்தேன். கூரைக்கு ஏறவில்லை. ஆண்டவர் அவ்வளவுக்கு இரங்கினார். மாமியின் வலது கைதான் வெந்துவிட்டது.

மச்சாள் ஓடிவந்தா. "மண்ணெண்ணெய் மணம் றோட்டு மட்டும் அடிக்குது. இவளுக்கு மணக்கேல்லையாம்!" என்று கத்தினா. சனம் முழுக்க என்னைப் பார்த்தது. நான் மாமியைப் பார்த்தேன். அவ வலியில் கண்ணை மூடியிருந்தா. மறுநாள் என் அப்பு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

உங்கள் தாயாரின் கை எப்படி என்று யாராவது எனக்குச் சொன்னால் போதும்.

எமிலி


பதுளை,
9.1.1974

அன்புள்ள எமிலிக்கு,

புதுவருடத்துக்கு இரண்டு நாள் லீவு தந்தார்கள். ஊருக்கு வந்தேன். அம்மாவின் கைக்குக் கட்டுப் போட்டிருக்கிறது, மருந்தில் மயங்கியபடி இருந்தா, கேட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அக்கா சொன்னாள், ஊரும் சொன்னது. பிறகு மண்டைதீவுக்கு வந்தேன். மாமா கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார், ஆனால் ஊசி நிற்கவில்லை. "அவள் இப்ப ஒருத்தரோடையும் கதைக்கிறாள் இல்லைத் தம்பி. நீர் போயிட்டு வாரும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். அவர் இரக்கத்தோடு சொன்னார். திரும்பி வந்துவிட்டேன்.

உமது கடிதம் இங்கே எனக்காகக் காத்திருந்தது. ஊருக்கு வர முதல் அதை வாசித்திருந்தால் கரையில் அப்படி வாயடைத்து நின்றிருக்க மாட்டேன். வாசித்த பிறகும் எனக்குக் குழப்பம் தீரவில்லை. ஒரு மனிதருக்கு அப்படி அடியோடு மணம் போகுமா? இங்கே ஒரு டொக்டரிடம் போய்க் கேட்டேன். "போகும். சில காய்ச்சலுக்குப் பிறகு அந்த நரம்பு செத்துப்போகும். சிலருக்குத் திரும்பும், சிலருக்கு இல்லை" என்று சர்வசாதாரணமாகச் சொன்னார். "நம்பாமல் விட்டால் ஆள் தனிச்சுப் போகும், கவனம்" என்றும் சொன்னார். நான் உம்மைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

பதில் எழுதும்.

சில்வெஸ்ரர்


பதுளை,
20.2.1974

அன்புள்ள எமிலிக்கு,

பதில் இல்லை. எழுதவில்லையா, தபால் பிழைத்ததா என்று குழம்பி, இப்போது எழுதவில்லை என்று தெளிந்திருக்கிறேன்.

ஒரு முட்டாள்தனம் செய்தேன், சொல்லுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மூக்கிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு பூசைக்குப் போனேன். சாம்பிராணிப் புகை எழும்பியது, ஒன்றும் இல்லை. சந்தைக்குள் போனேன். கொய்யாப்பழம் வாங்கித் தின்றேன், மரவள்ளிக்கிழங்கோ என்று இருந்தது. பின்னேரம் வரை தாங்கலாம் என்று நினைத்தேன். மத்தியானமே எனக்கு ஏனோ பயம் பிடித்துவிட்டது. என் சேட்டு மணக்கிறதா, பக்கத்தில் நிற்பவன் ஏன் விலகினான் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். பஞ்சைப் பிடுங்கி எறிந்தேன். எறிய எனக்குப் பஞ்சு இருந்தது.

நீர் நேராகத்தான் எழுதியிருந்தீர். மறைபொருள் தேடியது நான். பாஸ்குவுக்கு வருகிறேன்.

சில்வெஸ்ரர்


ஊர்காவற்றுறை,
15.4.1974

அன்புள்ள எமிலிக்கு,

வெள்ளிக்கிழமை வந்தேன். இம்முறை உயிர்த்த ஞாயிறும் சித்திரை வருடப்பிறப்பும் ஒட்டியே வந்ததால் அன்னபூரணம் அக்கா வீட்டில் தலையில் தேய்க்கும் மருத்துநீர், எங்கள் வீட்டில் தவக்காலம். அவ வேலியால் எட்டி, "எமிலி இல்லாமல் இந்த வளவே வெறிச்செண்டு கிடக்குது தம்பி" என்றா.

சனிக்கிழமை காலையில் நான் வீட்டைச் சோடிக்கத் தொடங்கினேன். நீர் பாஸ்குவுக்கு என்ன வைப்பீர் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். அந்த வீட்டுக்குள் இருந்து சாப்பிட்டும் படுத்தும் எழும்பியவன், எதை எங்கே வைத்தீர் என்று ஒருநாளும் பார்க்கவில்லை. மல்லிகையைக் கோக்கத் தெரியாமல் ஒரு தட்டில் கொட்டினேன். வேம்பு பூத்திருந்தது, நாலு கொத்தை முறித்துச் சுரூபத்தின் தலைக்கு மேல் கட்டினேன். "உது சுரூபத்தின்ரை கண்ணுக்குள்ளை கொட்டும், அங்காலை கட்டு" என்று அம்மா சண்டை பிடித்தா. இருவரும் சண்டை பிடித்துக்கொண்டே யன்னலுக்கு மாற்றினோம். பிறகு தணலில் கறுவாவைப் போட்டுவிட்டு நான் சும்மா, யோசிக்காமல், "அம்மா, மணக்குதோ?" என்று கேட்டேன்.

அம்மா கதிரையில் இருந்துவிட்டா. என்னையே பார்த்தா. "தம்பி, நான் அண்டைக்கு மண்ணெண்ணெய் எண்டு சொல்லேல்லையடா" என்றா. "இப்பவும் மணக்குதோ எண்டுதான் கேட்டனான். பிள்ளை அழுதுகொண்டு இல்லை எண்டாள். ஏன் அழுகிறாள் எண்டு நான் கேட்டிருக்க வேணும். நான் கேட்டது ஒண்டு, அவள் சொன்னது ஒண்டு" என்று கட்டில்லாத கையால் முகத்தை மூடிக்கொண்டா. பிறகு நான் உமது மார்கழிக் கடிதத்தை எடுத்து வாசித்துக் காட்டினேன். செம்புத் தண்ணீர் வந்த இடத்தில், "ஓம், அது பூத்தண்ணிதான். எனக்கு அடைச்ச மூக்கிலையே தெரிஞ்சது. நல்ல நாளிலை அவளின்ரை முகம் வாடக்கூடாது எண்டு பேசாமல் இருந்தன்" என்றா. எங்கள் வீட்டில் எல்லோரும் நல்லதுக்கென்று பேசாமல் இருந்திருக்கிறோம் எமிலி.

அக்கா நேற்றுப் பூசை முடிந்து வந்தாள். அம்மா அவளை நிற்க வைத்தே கேட்டா. "கருவாடு இல்லை எண்டு எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு வாயிலை அதுதான் வந்தது" என்றாள். நீர் இதை மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

வீடு இப்போது எப்படி மணக்கிறது என்று உமக்கு எழுத ஆசை. எனக்கு வாயில் சொல் வருகுதில்லை. மல்லிகை நேற்று நல்லாக இருந்தது, இன்று கொஞ்சம் கூடிவிட்ட மாதிரி, பழுக்கத் தொடங்கிய மாதிரி இருக்கிறது. தண்ணீரை மாற்றிவிட்டேன். வேப்பம்பூ தேன் மாதிரி, ஆனால் தொண்டைக்குள் கசக்கிற தேன். சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்தோம், அது மழை பெய்த உடனே வரும் மணம் மாதிரி. கறுவாவைக் கருக்கிவிட்டேன். மொத்தத்தில் நன்றாக இருக்கிறதா என்று எனக்கே விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரை இங்கே நிற்கிறேன். யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தும் இருக்கிறேன். கிடைக்குமோ தெரியாது. நான் வந்து கூப்பிட்டால் வருவீரா என்று கேட்க எனக்கு முகம் இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

சில்வெஸ்ரர்


இயேசு மரி சூசை துணை

மண்டைதீவு,
17.4.1974

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. மாமியின் கையைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. கட்டில்லாத கை என்று எழுதியதிலிருந்து மற்றக் கைக்கு இன்னும் கட்டு இருக்கிறது என்று விளங்கிக்கொண்டேன்.

உங்கள் முந்திய கடிதங்களுக்கும் எழுதினேன், எல்லாவற்றையும் கிழித்துப்போட்டேன். கோபத்தில் தொடங்கினால் பாதியில் அழுகையாய்ப் போகிறது, அழுகையில் தொடங்கினால் கோபமாய் முடிகிறது. எது உண்மை என்று எனக்கே தெரியாதபோது எதை அனுப்புவது?

இப்போது இன்னொன்று நடந்திருக்கிறது, அதை முதலில் சொல்ல வேண்டும். பங்குனிக் கடைசியில் ஒரு காலை எனக்கு ஏதோ மணந்தது. துள்ளி எழும்பி அம்மாவைக் கூப்பிட்டேன். "என்னம்மா கருகுது, றப்பர் செருப்போ?" என்று கேட்டேன். அவ கோப்பி வறுத்துக்கொண்டிருந்தா. அன்றிலிருந்து ஒவ்வொன்றாக வருகிறது, ஆனால் எல்லாம் பிழையாக வருகிறது அத்தான். மல்லிகை எனக்குத் துருப்பிடித்த இரும்பு. சவர்க்காரம் அழுகிய முட்டை. தேசிக்காய் மட்டும் ஏறக்குறைய தேசிக்காய் மாதிரி. அப்புவின் வலைக்கு இன்னும் ஒரு மணமும் இல்லை. இது சுகம் வருகிறதா, இன்னும் கெடுகிறதா என்று சொல்ல இங்கே யாரும் இல்லை. ஒன்றும் இல்லாமல் இருந்தபோது ஆறுதலாகவாவது இருந்தது.

ஆகவே நீங்கள் சோடித்த வீடு எனக்கு எப்படி மணக்கும் என்று தெரியாது. குமட்டினாலும் குமட்டும். உங்கள் சட்டை எனக்கு என்ன மணக்குமோ என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. அதை நீங்கள் மனத்தில் எடுக்கக்கூடாது.

மச்சாள் சொன்னதை இரண்டு மூன்று தரம் வாசித்தேன். அவவை இப்போதே மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். ஆனால் உள்ளதைச் சொன்னா. அந்த வீட்டில் எனக்கு இனி வேண்டியது அதுதான். கறி அடிப்பிடித்தால் அடிப்பிடித்தது என்று சொல்ல வேண்டும். பூ அழுகினால் அழுகினது என்று சொல்ல வேண்டும். என்னில் மீன் மணந்தால் அதையும் என் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும், குளித்துவிட்டு வருவேன். மாமியிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

சனிக்கிழமை வாருங்கள். அப்பு கடலால் வர மத்தியானமாகும், அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் வெளிக்கிட வேண்டும். வரும்போது பவுடர் பூசாதீர்கள், பூக்கொண்டு வராதீர்கள். யாரையும் முன்னால் விட்டு விசாரிக்கவும் வேண்டாம். வேலிப் படலையில் நின்று என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் காரியமில்லை. உங்கள் குரல் எனக்கு இன்னும் உங்கள் குரல்தான்.

எமிலி